எலி டாக்டருக்கு ஒரு முழங்கால் முறையீடு

மாண்புமிகு மைத்துனர் அவர்களுக்கு,

எலிகளின் முழங்காலைச் சீர்செய்து முடித்துவிட்டு, பெரிய மனது வைத்து மனிதர்கள் பக்கம் திரும்பியிருக்கும் ஆராய்ச்சி டாக்டராகிய தங்களுக்கு, அத்தான் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தமக்கையாரும் நலம். தாங்களும், தங்கள் வீட்டாரும், ஆய்வுக்கூடத்தில் மீதமிருக்கும் எலிகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எங்களைப் பற்றி நலம் என்று எழுதியது இடுப்புக்கு மேலே உள்ள பகுதியைப் பற்றி மட்டும்தான். அதற்குக் கீழே உள்ளதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இத்தனை ‘தாங்கள்’ போட்டதற்கு உன் பெயருக்குப் பின்னால் நீளும் பட்டங்கள்தான் காரணம். ஆனால் எங்கள் கல்யாணத்தன்று அரைக்கால் சட்டையோடு வந்து, “பார்த்துட்டுத் தரேன் அத்தான்” என்று என் கைக்கடிகாரத்தை வாங்கிக்கொண்டு போய், அது எப்படி ஓடுகிறது என்று பிரித்துப் பார்த்தவன் நீ. அது அப்புறம் ஓடவே இல்லை. ஆகவே உரிமையோடு இனி ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். எங்கள் வீட்டில் நான் சமையலறையில் முணுமுணுத்தால் பால்கனியில் உன் அக்காவுக்குக் கேட்கும். பள்ளிக்கூட மைதானத்தில் ஆயுள் முழுக்க விசில் ஊதிய விளையாட்டு டீச்சர் அவள்; அந்தக் கோடியில் எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையைக் கிள்ளியது என்று இந்தக் கோடியில் நின்றே சொல்லிவிடுவாள். குதித்துக் குதித்து முழங்கால் தேய்ந்ததே தவிர, கண்ணும் காதும் துளியும் தேயவில்லை. இந்த விஷயமோ அவள் காதுக்குப் போகக்கூடாத விஷயம். அதனால் மின்கட்டணம் கட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, நூலக மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆதியிலிருந்து சொன்னால்தான் என் மேல் உனக்குக் கோபம் கொஞ்சம் குறைவாக வரும். உன் அக்காவின் முழங்காலைப் படம் எடுத்துப் பார்த்த எலும்பு டாக்டர் என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியும். “ரெண்டு எலும்புக்கும் நடுவுல இருக்க வேண்டிய மெத்தை தேஞ்சு போச்சும்மா. புது மூட்டு வெச்சிடலாம். பயப்படாதீங்க, இப்பல்லாம் ரோபோவே ஆபரேஷன் பண்ணுது” என்றார். தைரியம் சொல்வதாக அவர் நினைப்பு. “எங்க வீட்டு மிக்ஸியே பாதியில நின்னு போகுது. ரோபோ பாதியில நின்னா யாரு தைப்பாங்க?” என்று கேட்டுவிட்டு இவள் எழுந்து வந்துவிட்டாள். எழுந்து என்று எழுதுவது சுலபம். எழுந்திருக்க நான் ஒரு கையும், நர்ஸ் ஒரு கையும் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்தால் மூன்று மாடி ஏற வேண்டும். எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பழுது பார்ப்பதாகச் சொல்லி, ‘பழுது பார்க்கப்படுகிறது’ என்ற பலகையை மட்டும் அவ்வப்போது புதிதாக எழுதி மாட்டுகிறார்கள். அன்றைக்கு ஏறி வந்தவள், அதன் பிறகு மருத்துவமனைக்குத் தவிர கீழே இறங்கவே இல்லை. அதற்கும் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மைதானத்தையே ஓட வைத்தவளை நாற்காலியில் தூக்கிக்கொண்டு போகும்போது அவள் யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். பார்க்க எனக்கே தாங்காது.

அந்த நேரத்தில்தான் நீ வந்து, தேய்ந்த மெத்தையைத் திரும்ப வளர்க்கிற மாத்திரை ஒன்று சோதனையில் இருக்கிறது என்றாய். “எலிங்க ஓடுது அத்தான்!” என்றாய். “எலி எப்பவும் ஓடத்தானே செய்யும்?” என்றேன். “இல்ல அத்தான், ஓடாத எலி ஓடுது” என்றாய். எலிக்கு மூட்டு வலி என்று எலி எப்படி உன்னிடம் சொன்னது என்று அன்றைக்கே கேட்டேன். இன்றுவரை நீ பதில் சொல்லவில்லை. என் முழங்காலும் ஓடுகிற வண்டியில் நின்று டிக்கெட் பரிசோதித்தே தேய்ந்ததுதான் என்பதால், நானும் சேருகிறேன் என்றேன். உன் அக்கா தனியாகச் சேர பயந்தாள் என்பதுதான் அதற்கு உண்மையான காரணம். ஒரே வீட்டில் இரண்டு பேரைச் சேர்க்கலாமா என்று உங்கள் குழுவில் யாரோ இழுத்தபோது, “எங்க அக்காவும் அத்தானும் விதின்னா விதிப்படிதான் நடப்பாங்க” என்று நீ எங்களுக்காக வாதாடினாயாமே. அந்தப் புண்ணியவான் யார் என்று தெரிந்தால் அவருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதுவேன். அவர் எங்களைச் சரியாகத்தான் எடைபோட்டிருக்கிறார்.

சேர்த்துக்கொண்ட அன்று நடந்தது உனக்குத் தெரியாது. சொந்தக்காரன் என்பதால் எங்கள் பக்கமே வரமாட்டேன் என்று நீ வேறு மாடியில் ஒளிந்துகொண்டாய். எங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வந்தாள். நல்ல பெண். ஆனால் எதைக் கேட்டாலும் “அது எனக்கும் தெரியாது சார்” என்ற ஒரே பதில். நான் அவளுக்குக் கிளி என்று பெயர் வைத்திருக்கிறேன். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத பொய் மாத்திரை, இரண்டும் பார்வைக்கு ஒன்றே, யாருக்கு எது என்று கணினி மட்டும் குலுக்கிப் போட்டு வைத்திருக்கிறது, சோதனை முடிந்தபின்தான் திறந்து பார்ப்பார்கள் என்று கிளி விளக்கினாள். “எனக்கு எதும்மா?” என்றேன். “அது எனக்கும் தெரியாது சார்.” “டாக்டருக்கு?” “அவருக்கும் தெரியாது சார்.” ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்பதைக் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்கிற ஆபீஸை நான் அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். என் உத்தியோக காலத்தில் தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்பவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

பிறகு வலிக்கு மதிப்பெண் கேட்டாள். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. நான் யோசித்து, “உட்கார்ந்தா ஆறு, படியேறினா ஏழே முக்கால், டீச்சரம்மா பார்த்துக்கிட்டிருந்தா ஏழு” என்றேன். முழு எண்ணாகத்தான் வேண்டுமாம். உன் அக்காவோ கேள்வி முடிவதற்கு முன்பே “நாலு” என்றாள். அன்றிலிருந்து எத்தனை முறை போனாலும் நாலுதான். கீழே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட பிள்ளைகளிடம் “ஒண்ணுமில்ல, எழுந்து ஓடு” என்று சொல்லியே பழகியவள். நாலுக்கு மேல் சொன்னால் தன் விசிலைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நினைக்கிறாளோ என்னவோ. கடைசியாக, குணமானால் என்ன செய்ய ஆசை என்று கேட்டாள் கிளி. நான் மலையேறுவேன் என்றேன். குணமாக இருந்தபோதும் நான் மலைப்பக்கம் போனதில்லை என்பது வேறு விஷயம். உன் அக்கா, “எங்க பால்கனியில இருந்து பார்த்தா எதிர்ப்பக்கம் ஒரு தபால் பெட்டி தெரியும். அது வரைக்கும் நானே இறங்கிப் போயி, என் தம்பிக்கு ஒரு கடிதம் போட்டுட்டு வரணும்” என்றாள். “போன் பண்ணலாமே மேடம்?” என்றது கிளி. “போன் பண்ண படி இறங்க வேணாமே” என்றாள் இவள். கிளி அதையும் எழுதிக்கொண்டது.

சரி, மாத்திரை வந்தது. கூடவே, என்னென்ன பின்விளைவு வரலாம் என்று பொடி எழுத்தில் ஒரு தாளும் வந்தது. வாய்க்கசப்பு, தலைச்சுற்றல், காதுக்குப் பின்னால் அரிப்பு, விசித்திரக் கனவு. அத்தனையும் எனக்கு வந்தன. “நீங்க இன்னும் மாத்திரையே போடலீங்களே” என்று உன் அக்கா சொன்னபிறகுதான் அரிப்பு நின்றது. அந்த அவமானத்தைத் துடைக்கவாவது எனக்கு வந்தது நிஜமா பொய்யா என்று கண்டுபிடித்தே தீருவது என்று முடிவுகட்டினேன். வண்டியில் ஏறி ஒரு சுற்றுப் பார்த்தால் டிக்கெட் இல்லாதவன் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறவன் நான். வேடிக்கை பார்ப்பதுபோல ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான், தூங்காமலே தூங்குவான், எனக்கு மட்டும் வணக்கம் சொல்வான். ஆனால் இந்த மாத்திரை என்னை நேருக்கு நேர் பார்த்தது. நக்கிப் பார்த்தேன், கசந்தது. உன் அக்காவினுடையதை அவளுக்குத் தெரியாமல் நக்கினேன், அதுவும் கசந்தது. பொய்க்குக்கூடக் கசப்பு சேர்த்திருக்கிறீர்களே, இந்த அக்கறையை வேறு எதிலாவது காட்டியிருக்கலாம். பிறகு என் மாத்திரை ஒன்றைத் தம்ளர் தண்ணீரில் கரைத்து, ஏதாவது தெரிகிறதா என்று வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று ஜன்னலோரம் வைத்தேன். கழுவிய தண்ணீர் என்று நினைத்து உன் அக்கா அதைப் பூந்தொட்டியில் ஊற்றிவிட்டாள். வாடிக் கிடந்த அந்தச் செடி அந்த வாரமே துளிர்விட்டது! எனக்குக் கை கால் ஓடவில்லை. என் மாத்திரை நிஜம்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று தோன்றியது. செடிக்கு முழங்கால் கிடையாது என்பது வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது. மிச்ச மாத்திரைகளை எண்ணிப் பார்த்த கிளியிடம், குறைந்த ஒன்று பீரோவுக்கு அடியில் உருண்டுவிட்டது என்று சொல்லித் தப்பித்தேன்.

செடி துளிர்த்ததோ இல்லையோ, நான் துளிர்த்துவிட்டேன். படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினேன். முக்காலியில் ஏறி மின்விசிறியைத் துடைத்தேன். ஒருநாள் ரொட்டி வாங்கிக்கொண்டு தெருவில் நிற்கும்போது, கிளம்பிய பஸ் ஒன்றைத் துரத்தி ஓடித் தொற்றிக்கொண்டேன். உள்ளே போய் மூச்சு வாங்கியபிறகுதான் எனக்கு எங்கும் போக வேண்டியதில்லை என்பது நினைவுக்கு வந்தது. கண்டக்டர், “எங்க போகணும் பெரியவரே?” என்று கேட்டார். “எங்கயும் இல்லப்பா, முழங்கால் எப்படியிருக்குன்னு பார்த்தேன்” என்றேன். அடுத்த நிறுத்தத்தில் மரியாதையாக இறக்கிவிட்டார். வாழ்நாள் முழுவதும் டிக்கெட் இல்லாதவர்களை இறக்கிவிட்டவன் டிக்கெட் இல்லாமல் இறங்கினேன். திரும்பி நடந்து வந்தபோது பால்கனியில் உன் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதுதான் கஷ்டம். அதே வாரத்தில் ஒரு சாயங்காலம், நான் துணி மடித்துக்கொண்டிருப்பது தெரியாமல், அவள் பால்கனி நாற்காலியிலிருந்து தானாக எழுந்திருக்கப் பார்த்தாள். ஒரு கை கம்பியில், ஒரு கை மேஜையில். பாதி எழுந்தாள், உட்கார்ந்தாள். மறுபடி பாதி எழுந்தாள், உட்கார்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல், முகமெல்லாம் வியர்த்து. பிறகு ஒன்றும் நடக்காதது போல முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தபால் பெட்டியைப் பார்க்கத் தொடங்கினாள். நாலாம், நாலு! அங்கேயே நின்றுகொண்டு எனக்குள் ஒரு கணக்குப் போட்டேன். எனக்கு வந்திருப்பது நிஜம், அவளுக்கு வந்திருப்பது பொய். ஏறப்போகாத மலைக்காக நான் நிஜத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறேன், தபால் பெட்டி வரைக்கும் போக ஆசைப்படுகிறவள் பொய்யை விழுங்கிக்கொண்டிருக்கிறாள். இந்தக் குலுக்கல் எந்த ஊர் நியாயம்? நீயே சொல்.

இனி நான் எழுதப்போவதைப் படிக்கும் முன் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள். எங்களிடம் வாரக் கிழமைகள் எழுதிய இரண்டு பிளாஸ்டிக் மாத்திரைப் பெட்டிகள் இருக்கின்றன. நீலம் என்னுடையது, பச்சை அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரவர் புட்டியிலிருந்து அவரவர் பெட்டியில் அந்த வாரத்துக்கான மாத்திரைகளை நிரப்பிக்கொள்வோம். நிரப்பிவிட்டு அவள் குளிக்கப் போவாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டவுடன் நான் என் பெட்டியில் உள்ளதை அவள் பெட்டிக்கும், அவள் பெட்டியில் உள்ளதை என் பெட்டிக்கும் மாற்றிவிட்டு, ஒன்றும் அறியாதவன் போல ரொட்டி வாங்கக் கீழே இறங்கிவிடுவேன். இதை ஒரு ஞாயிறு செய்யவில்லை தம்பி. அன்றிலிருந்து எல்லா ஞாயிறும் செய்தேன். ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை என்பதை நினைத்தால்தான் எனக்கே பயமாக இருக்கிறது.

பலன் கிடைத்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவள் கம்பியைப் பிடிக்காமல் எழுந்தாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தாள். கிளி சொல்லிக்கொடுத்த உடற்பயிற்சியைச் செய்யும்போது விசிலைத் தேடி எடுத்து, தனக்குத்தானே ஊதிக்கொண்டாள். கீழ்வீட்டுக்காரர் யாருக்கு என்னவோ என்று பதறி ஓடிவந்தார். போன மாதம் முதல் மாடி வரை இறங்கி, படியில் சற்று உட்கார்ந்துவிட்டு, தானாகவே ஏறி வந்தாள். நான் முன்னால் ஒரு படியில் நின்றுகொண்டு, “மெதுவா, மெதுவா” என்று சொன்னதற்கு, “வழிய விடுங்க” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் என்ன வேண்டுமானாலும் விழுங்குவேன்.

அதற்கு நான் கொடுத்த விலையும் இருக்கிறது. பொய் மாத்திரைக்கு மாறிய மறுநாளே என் வலது முழங்கால் பழைய பல்லவியைப் பாடத் தொடங்கிவிட்டது. இப்போது படியிறங்கும்போது கைப்பிடி வேண்டியிருக்கிறது. பஸ்ஸைக் கண்ணால் மட்டும் துரத்துகிறேன். அவள் பார்க்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக நடக்கிறேன், பார்க்காதபோது நொண்டிக்கொள்கிறேன். கிளி மதிப்பெண் கேட்டால் “பூஜ்யம்” என்கிறேன். உன் மருந்து அவ்வளவு சுத்தமான மருந்து தம்பி, நிறுத்தியவுடன் தெரிந்துவிடுகிறது. இதை ஒரு நற்சான்றாக எடுத்துக்கொள்.

போன வாரம் நீ போன் செய்து, ஆய்வு முடிகிற நேரம், சீக்கிரமே குறியீட்டைத் திறந்து யாருக்கு எது என்று பார்க்கப்போகிறோம் என்று குதித்தாயே, அப்போதுதான் நான் செய்து வைத்திருப்பது என்ன என்று எனக்கு உறைத்தது. “ஒருத்தர் மாத்தி சாப்பிட்டாக்கூட கணக்கு கெட்டுடும் அத்தான். உங்க ரெண்டு பேரையும் பத்தி எனக்குக் கவலையே இல்ல” என்றாய். “ஆமாம்ப்பா, ஆமாம்ப்பா” என்று அசடு வழிந்துவிட்டுப் போனை உன் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அவளும் “ஆமாண்டா” என்றுதான் சொன்னாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

ஆகவே என் முறையீடு இதுதான். உன் கணக்கில் என் பெயரை அடித்துவிடு. வேண்டுமானால் கிளியை விட்டு என்னை நன்றாகத் திட்டச் சொல். ஆனால் உன் அக்காவை நீக்கிவிடாதே. சோதனை முடிந்த பிறகும் பலன் கண்டவர்களுக்கு மாத்திரை தருவார்கள், ஆனால் மாற்றிச் சாப்பிட்டது தெரிந்தால் இரண்டு பேருக்கும் நிறுத்திவிடுவார்கள் என்று அந்தப் பொடி எழுத்துத் தாளில் இருக்கிறது. இப்போதுதான் முழுவதும் படித்தேன். நிறுத்தினால் அவள் திரும்ப அந்த நாற்காலிக்குப் போய்விடுவாள். வழியை விடச் சொன்னவளை மறுபடி இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. நீங்களும்தான் எத்தனையோ கண்டுபிடிக்கிறீர்கள். ரத்தத்தில் ஒரு சொட்டை வைத்து, வரப்போகும் நோயைச் சொல்கிறீர்கள், ரோபோ தைக்கிறது, எலி ஓடுகிறது. புருஷன் பெண்டாட்டியை ஒரே சோதனையில் போட்டால் என்ன ஆகும் என்று மட்டும் ஒருவரும் எலிகளை வைத்துப் பார்க்கவில்லையே. அதில் என் தப்பு பாதி, விஞ்ஞானத்தின் தப்பு பாதி என்று பெருந்தன்மையோடு பிரித்துக்கொள்வோம்.

கடிதத்தை நானே போட்டிருக்க வேண்டும். ஆனால் நூலகத்திலிருந்து திரும்பி வந்து, கவரில் பசை தடவுவதை உன் அக்கா பார்த்துவிட்டாள். யாருக்கு என்றாள். உனக்குத்தான், வாடகை வீடு விஷயமாக ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறேன் என்றேன். “குடுங்க, நான் போட்டுட்டு வரேன்” என்று கையை நீட்டினாள். தடுக்க எனக்கு மனம் வரவில்லை. பசையைத் தாராளமாகத் தடவியிருக்கிறேன், அவளும் பிறர் கடிதத்தைப் பிரிக்கிறவள் இல்லை. ஓரத்தில் இந்தப் பாராவை மட்டும், அவள் செருப்பு மாட்டும் நேரத்தில் அவசரமாக எழுதிச் சேர்த்துவிட்டு ஒட்டுகிறேன்.

உன் மனைவிக்கு என் ஆசிகள். பிள்ளைகளுக்கு முத்தங்கள். எலிகளுக்கு நீண்ட ஆயுள். உனக்கு நல்ல தூக்கமும், இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் என்னை ‘அத்தான்’ என்று கூப்பிடுகிற பெரிய மனதும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
வலது முழங்காலைத் தியாகம் செய்த
உன் அத்தான்

பி.கு.: தம்பி, இது அக்கா. கவர் மேலே என் கையெழுத்தைப் பார்த்துக் குழம்பாதே. உன் அத்தான் ஒட்டின பசை முதல் மாடிப் படியிலேயே பிரிந்துவிட்டது. கொஞ்சம் நானும் பிரித்தேன். வாடகை வீட்டு விஷயத்தை இத்தனை பக்கம் எழுதுகிற மனிதரா அவர்? படியில் உட்கார்ந்து முழுவதும் படித்துவிட்டு, தபால் பெட்டிக்குப் பக்கத்து ஸ்டேஷனரிக் கடையில் புதுக் கவரும் பேனாவும் வாங்கி, கடைக்காரம்மாவின் மேஜையிலேயே இதை எழுதுகிறேன்.

யாரையும் நீக்கவேண்டாம். உன் கணக்கு கெடவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமையே துண்டை மறந்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறையிலிருந்து வந்தவள், அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு இரண்டு பெட்டியையும் கவிழ்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டேன். சத்தம் போடாமல் திரும்பிப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அவர் ரொட்டி வாங்கப் போனதும் எல்லாவற்றையும் பழையபடி மாற்றி வைத்தேன். அன்றிலிருந்து எல்லா ஞாயிறும் அவர் மாற்றுவார், நான் திருப்பி மாற்றுவேன். எனக்குக் கிடைத்ததை நான்தான் சாப்பிட்டேன், அவருக்குக் கிடைத்ததை அவர்தான் சாப்பிட்டார். எது நிஜம் எது பொய் என்று எனக்கும் தெரியாது, கிளி மாதிரி. அவர் அந்த பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடினதை நான் மேலேயிருந்து பார்த்தேன் தம்பி. அந்த மாத்திரையை எனக்குக் கொடுத்துவிட்டு அவரும் உட்கார்ந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? எனக்கு என் முழங்காலைவிட அந்த ஓட்டம் பெரிசு.

கணக்கில் ஒன்றை மட்டும் திருத்திக்கொள். நான் சொன்ன நாலு ஒருநாளும் நாலாக இருந்ததில்லை. எட்டு, ஒன்பது, சில நாள் அதுக்கும் மேலே. இன்றைக்கு மூன்று மாடியும் இறங்கி, தெருவைத் தாண்டி வந்து நின்றபிறகு நிஜமாகவே சொல்கிறேன்: நாலு. கிளியிடம் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்.

இதோ பெட்டியில் போடப்போகிறேன். மேலே பால்கனியில் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தூக்கிக்கொண்டு, கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் நிமிர்ந்ததும் காலை ஊன்றிவிட்டார். அவரிடம் எதையும் சொல்லாதே. சொன்னால் அந்த நிமிஷமே நொண்டல் நின்றுவிடும். வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவரைக்கும், எனக்காக ஒரு ஆள் நொண்டுவதை இன்னும் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்கிறேன்.